குளோரீன் யாரோடு சேர்கிறது?

வணக்கம் ஐயா,

கரவெட்டியில் இருந்து எழுதுகிறேன். உயர்தரம் உயிரியல் பிரிவு, இரண்டாம் முறை எடுக்கப் போகிறேன். மின்னெதிர்த்தன்மை, அதாவது பிணைப்பில் ஓர் அணு இலத்திரனைத் தன் பக்கம் இழுக்கும் வலு, ஆவர்த்தனத்தில் இடமிருந்து வலமாகக் கூடும், கூட்டத்தில் கீழே போகக் குறையும் என்று பாடமாக்கிவிட்டேன். ஓர் அணு எத்தனை பிணைப்பு அமைக்கும், அதாவது வலுவளவு, என்று வந்தால்தான் குழப்பம். நைதரசனும் பொசுபரசும் ஒரே கூட்டம். பொசுபரசு ஐந்து குளோரீனோடு சேர்கிறது, நைதரசன் ஏன் சேராது? காரணமெல்லாம் படிக்க நேரமில்லை. விதிவிலக்குகளைப் பாடமாக்க ஒரு சுருக்கு வழி சொன்னால் போதும். தமிழில் இரசாயனவியல் படித்ததே பிழையோ என்றும் சில நேரம் யோசிக்கிறேன்.

ஒரு மாணவி

அன்புள்ள தங்கச்சி,

கடைசிக் கவலையை முதலில் முடித்துவிடுவோம். மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிசனரி டாக்டர் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தவர். 1875 இல் தமிழில் இரசாயன நூல் அச்சில் வந்துவிட்டது. ஆவர்த்தன அட்டவணையை அமைத்த மெண்டலீவ் முன்கூட்டியே சொல்லிவைத்த காலியம் என்ற மூலகம் பிரான்சில் அகப்பட்டதும் அதே ஆண்டில்தான். இந்த யோசனையை இன்றோடு விடும்.

நைதரசன் விசயமும் பெரிதில்லை. அது சிறிய அணு, ஐந்து குளோரீன்கள் அதைச் சுற்றி நிற்க இடம் போதாது. பொசுபரசு பெரியது. 3டி ஓபிற்றல்களை (அணுவில் இலத்திரன்கள் இருக்கக்கூடிய இடங்களை)க் கொண்டு விளக்கும் பழைய முறைக்கு இப்போது ஆய்வாளர்களிடம் அவ்வளவு மதிப்பில்லை. பரீட்சைக்கு உம்முடைய பாடத்திட்டம் கேட்பதை எழுதும்.

ஆனால் "காரணமெல்லாம் படிக்க நேரமில்லை" என்று எழுதினீரே, அது எனக்குக் கோபத்தையும் கவலையையும் ஒன்றாகத் தந்தது. இரண்டாம் முறை எடுக்கும் பிள்ளை நீர். முதல் முறையும் பாடமாக்கித்தானே போயிருப்பீர்? அது கைகொடுக்காத பிறகும் இன்னொரு சுருக்கு வழியா கேட்பது? உம்மை மட்டும் பேசிப் பயனில்லை. நெல்லியடியில் இருந்து யாழ்ப்பாணம் நகரம் வரை எந்த ரியூட்டரிக் கொட்டகைக்குள் போனாலும் "கூடும், குறையும்" என்ற அம்புக்குறிகள்தான் பலகையில் இருக்கின்றன. அந்த எண்களை யாரோ அளந்து எடுத்தார்கள் என்று பிள்ளைகளுக்கு ஒருவரும் சொல்வதில்லை. கொஞ்ச நாளாகவே இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், உம்முடைய கடிதம் வந்தது.

நான் உயர்தரம் படித்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் கிடைப்பதே அருமை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலம். ஆய்வுகூடத்தில் அமிலம் தீர்ந்து நெடுநாள். எங்கள் இரசாயன ஆசிரியர் ஒருநாள் பலகையில் சோடியத்தில் இருந்து குளோரீன் வரை ஏழு மூலகங்களையும் எழுதினார். கீழே இரண்டு வரி. ஒட்சிசனோடு சேரும்போது அவற்றின் உச்ச வலுவளவு 1, 2, 3, 4, 5, 6, 7. ஐதரசனோடு சேரும்போது 1, 2, 3, 4, 3, 2, 1. எழுதிவிட்டு, "குளோரீன் ஒன்றுதானே, அங்கே ஏழு, இங்கே ஏன் ஒன்று?" என்று கேட்டார். அன்று பதில் சொல்லவில்லை. அடுத்த கிழமை வரை எங்களை யோசிக்க விட்டார். பரீட்சை நெருங்கியிருந்த நேரம் அது. அவருக்கும் பாடத்திட்டம் முடியவில்லை, ஆனாலும் விட்டார்.

பதில் மின்னெதிர்த்தன்மையில் இருக்கிறது. ஐதரசன் 2.20, குளோரீன் 3.16, ஒட்சிசன் 3.44. ஐதரசனிடம் குளோரீன் இலத்திரனைத் தன் பக்கம் இழுக்கிறது, நிறைவாக ஒன்று போதும். ஒட்சிசனிடம் அதுவே விட்டுக்கொடுக்கும் பக்கம், வெளி ஓட்டின் ஏழு இலத்திரன்களும் பிணைப்புக்கு வரலாம். ஆனையிறவு உப்பில் குளோரீனின் ஒட்சியேற்ற எண் (இலத்திரனைப் பெற்ற, இழந்த கணக்கு) சய ஒன்று (-1), அதைச் சோற்றில் போட்டுச் சாப்பிடுகிறோம். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளில் அதே குளோரீன் ஒட்சிசனோடு சேர்ந்து சக ஒன்று (+1). இழந்ததைப் பிடுங்கப் பார்க்கும், கிருமி சாவது அதனால்தான். புளோரீனை விஞ்ச ஆளில்லை, 3.98. அதற்கு முன்னால் ஒட்சிசனே விட்டுக்கொடுக்கிறது. செனன் என்ற சடத்துவ வாயு எதனோடும் சேராது என்று எல்லாரும் நம்பியிருக்க, 1962 இல் நீல் பாட்லெற் அதைச் சேர்வையாக்கினார். பிறகு புளோரீன் நேராகவே அதோடு சேர்ந்தது.

சரி, அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? இதைத் தாளில் எழுதிக்கொண்டு வாசியும். 1932 இல் அமெரிக்க இரசாயனவியலாளர் லைனஸ் போலிங் பிணைப்புச் சக்திகளைப் பார்த்தார். ஒரு மூல் ஐதரசன் மூலக்கூறின் பிணைப்பை உடைக்க 436 கிலோயூல், குளோரீனுக்கு 242. இரண்டு அணுக்களும் சமமாக இழுப்பவை என்றால் ஐதரசன் குளோரைட்டுக்குச் சராசரியாக 339 போதும். அளந்தால் 431 வருகிறது. மேலதிகம் 92. இழுவை சமமில்லாததால் பிணைப்பு இறுகிய அளவு அது. அதை இலத்திரன்வோல்ற்றுக்கு மாற்ற 96.5 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 0.98. இப்போது அட்டவணையைப் பாரும்: 3.16 இல் இருந்து 2.20 போக 0.96.

வெப்பத்தை அளந்து வந்த எண் அது. கவனியும், இந்தக் கணக்கு வித்தியாசத்தை மட்டும்தான் தருகிறது. தனி அணு ஒன்றை எடுத்து இதன் மின்னெதிர்த்தன்மை இவ்வளவு என்று போலிங்கின் வழியில் சொல்லவே முடியாது. ஐதரசனுக்கு ஒரு பெறுமானத்தை நிலையாக வைத்துவிட்டுத்தான் மற்றவற்றை எண்ணுகிறார்கள். பிணைப்பில் எதிரே இன்னொரு அணு இருந்தால்தான் இந்த எண்ணுக்கு வேலை. இது விளங்கினால் குளோரீனின் ஒன்றும் ஏழும் உமக்கு விதிவிலக்காகவே தெரியாது. இதை விளங்கிக்கொள்ள ஒரு பின்னேரம் போதும், தங்கச்சி. நேரமில்லை என்று எனக்குச் சொல்லாதேயும்.

புரோமீன் பிணைப்புக்கு 193, ஐதரசன் புரோமைட்டுக்கு 366. இதே கணக்கைச் செய்து, புரோமீனின் 2.96 ஓடு ஒப்பிட்டுப் பார்த்து, தாளைப் படம் எடுத்து அனுப்பும். எங்காவது பிழைத்தால் அந்த வரியில் இருந்து நான் தொடர்ந்து எழுதுகிறேன்.