மதகடி நுரையை நம்பி மகனை அனுப்பலாமா?

கேள்வி: கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். கல்லூரியில் படிக்கும் என் மகன், ஆடிப்பெருக்கை ஒட்டி நண்பர்களோடு கொள்ளிடத்தில் கயாக் என்கிற சிறு துடுப்புப் படகு ஓட்டப் போகிறானாம். 'ஒயிட் வாட்டர் பயணம்' என்று ஒருவர் தலைக்கு 1,000 ரூபாய் முன்பணம் வாங்கிவிட்டார். மகனுக்கு நன்றாக நீச்சல் தெரியும். அனுப்பலாமா?

பதில்: இந்தப் பயணத்துக்கு அனுப்பாதீர்கள் அம்மா. கயாக் மேல் எனக்குக் கோபமில்லை. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். அதனால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்.

ஒயிட் வாட்டர் என்பது ஆறு பாறைகளுக்கு நடுவே சரிந்து, நுரைத்து ஓடும் ஓட்டம். குடகில் பாராப்பொளே ஆற்றிலும் தாண்டேலியில் காளி ஆற்றிலும் அது உண்டு. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பு தாண்டிவிட்டால் காவிரியும் கொள்ளிடமும் மணலில் படுத்து ஓடுகிற ஆறுகள். டெல்டாவில் தண்ணீர் வெள்ளையாக நுரைப்பது மதகடியிலும் தடுப்பணைக்குக் கீழேயும்தான். அந்த ஆள் காட்டிய வீடியோவில் நுரை இருந்தால், அது வேறு மாநிலத்து ஆறாக இருக்கும், இல்லையென்றால் மதகடியாக இருக்கும்.

மதகடியில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை கரையில் நின்று பாருங்கள். ஒரு மதகுக்குக் கீழே தென்னை மட்டை ஒன்று மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். ஆறு கிழக்கே ஓடுகிறது, மட்டை மேற்கே வருகிறது. மதகை முட்டும், அமுங்கும், பத்தடி தள்ளி எழும்பும், மறுபடி மதகை நோக்கியே திரும்பும். நான் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. விழுகிற தண்ணீர் அடியில் போய்விட, மேல் தண்ணீர் பின்னால் உருண்டு வருவதுதான் காரணம். ஆள் மாட்டினாலும் அதே கதிதான். நுரையில் பாதி காற்று. கை போட்டு நீந்தப் பிடிமானம் கிடைக்காது, லைஃப் ஜாக்கெட்டும் முழுதாகத் தூக்காது. குளத்து நீச்சல் இங்கே உதவவே உதவாது.

ஆடியில் இன்னொரு ஆபத்து. மேட்டூர் 120 அடியைத் தொட்டுவிட்டால், உபரி நீரை முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத்தான் திருப்புவார்கள். காலையில் கணுக்கால் அளவு, மாலையில் கழுத்தளவு. மணல் அள்ளிய குழி எங்கே இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1836-ல் கட்டிய முக்கொம்பு மேலணையில், 2018 ஆகஸ்ட் 22 அன்று 9 மதகுகளைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. இரும்பும் கல்லும் நிற்காத இடத்தில் பிளாஸ்டிக் படகு நிற்குமா? 'கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்' என்று அறிவிப்பு வரும். எத்தனை மணிக்கு எந்த ஊரை எவ்வளவு தண்ணீர் தொடும் என்று அதில் இருக்காது. ஒவ்வொரு படித்துறையிலும் ஒரு பலகையில் எழுதிப்போட எவ்வளவு செலவாகிவிடும்?

இந்த இடைத்தரகர்களைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பணம் வாங்குபவர் ஒருவர், படகு வேறொருவருடையது, கூட வருகிற பையன் அன்றைக்குக் கூலிக்கு வந்தவன். 'இன்ஷூரன்ஸ் உண்டு' என்பார்கள். பாலிசியில் உங்கள் மகன் பெயரைக் காட்டச் சொல்லுங்கள், பேச்சு மாறிவிடும். புறப்படும்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். என்ன நடந்தாலும் அவர்கள் பொறுப்பில்லை என்று அதில் இருக்கும். கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனத்திலோ அதற்கு ஈடான இடத்திலோ பயிற்சி பெற்ற சான்று, படகில் கூட வருபவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஜாக்கெட்டைப் போட்டு வாரை இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். காதுவரை ஏறினால் அது வெறும் சட்டை. இப்படிப்பட்டவர்கள் பிழைப்பதற்கு நம் அலுவலகங்களும் காரணம். முறையாக அனுமதி வாங்க நான் ஏழு மாதம் அலைந்தேன். ஓரிடத்தில் 'ஆறு எங்களுடையது, படகுக்கு அங்கே போங்கள்' என்றார்கள். போனால், 'ஆற்றுக்கு அவர்களிடம் எழுதி வாங்கி வாருங்கள்' என்று திருப்பி அனுப்பினார்கள். கேட்காதவன் ஞாயிற்றுக்கிழமை படகை இறக்கிவிடுகிறான்.

டெல்டாவில் நான் பிள்ளைகளைத் தைரியமாக அழைத்துப் போவது பிச்சாவரத்துக்கு. வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே சுரபுன்னைக் காடு, அலையில்லாத வாய்க்கால்கள். ஆனால் அங்கே கடல் ஏற்றம் வற்றம் பார்க்கவேண்டும். ஏறக்குறைய ஆறு மணி நேரம் தண்ணீர் ஏறும், ஆறு மணி நேரம் வற்றும். நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். நேற்று 7 மணிக்குச் சரியாக இருந்தது இன்று சரியாக இருக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் அதிகம். வற்றும்போது குறுகிய வாய்க்காலுக்குள் போனால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். இறங்கினால் முழங்கால்வரை புதையும். அடுத்த ஏற்றம்வரை வெயிலில் காத்திருக்கவேண்டியதுதான். ஏற்றத்தோடு உள்ளே போய், வற்றம் தொடங்கும்போதே துறைக்குத் திரும்பிவிடவேண்டும். அன்றைய நேரத்தை அங்குள்ள மீனவரிடம் கேளுங்கள், வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கேயும் வேண்டாம். தை பிறந்ததும் மகனை அனுப்புங்கள். அந்த 1,000 ரூபாயை இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால், பணம் அனுப்பிய ரசீதோடும் அவர் காட்டிய வீடியோவோடும் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். மற்ற பிள்ளைகளின் வீட்டுக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள்.