ஷார்ட்டின் மங்கிய ஆடி

அன்புள்ள ஆசிரியருக்கு,

அருங்காட்சியகம் ஒன்றில் 18-ஆம் நூற்றாண்டுப் பித்தளைத் தொலைநோக்கியைப் பார்த்தேன். ‘ஜேம்ஸ் ஷார்ட், லண்டன்’ என்று பொறித்து, பக்கத்தில் ஒரு பின்னம், சமக்குறி, 12 என்று இருந்தது. இந்த எண்கள் என்ன? உள்ளே ஆடி மங்கிக் கிடந்தது. அதை ஏன் மெருகேற்றாமல் விட்டிருக்கிறார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பின்னத்தின் மேல் எண், அந்த அளவில் ஷார்ட் செய்தவற்றுள் அது எத்தனையாவது என்பது. கீழ் எண், அவர் செய்த மொத்தத் தொலைநோக்கிகளில் அதன் வரிசை. 12 என்பது அங்குலத்தில் குவியத் தொலைவு, அதாவது ஆடிக்கும் அது ஒளியைக் குவிக்கும் புள்ளிக்கும் இடையிலுள்ள தூரம்.

மெருகேற்றாமல் விட்டதுதான் சரி. அந்த ஆடி கண்ணாடியே அல்ல. செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த உலோகம். கண்ணாடியில் வெள்ளி பூசிய தொலைநோக்கி ஆடிகள் 1850-களில்தான் வந்தன. பூச்சு கெட்டால் உரித்துவிட்டு மறுபடி பூசலாம், அடியிலுள்ள வடிவம் குலையாது. உலோக ஆடியில் மினுங்கும் பரப்பும் வடிவமும் ஒன்றே. தேய்த்தால் இரண்டும் போகும்.

அந்த வடிவத்தில்தான் ஷார்ட்டின் கைவண்ணமே இருக்கிறது. 1710-இல் எடின்பரோவில் பிறந்து சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். கணிதப் பேராசிரியர் மெக்லாரின் ஆதரவில் பல்கலைக்கழகத்திலேயே ஆடி தீட்டத் தொடங்கினார். கோள வடிவில் தேய்ப்பது பலருக்கும் கைவந்தது. ஆனால் ஒளி ஒரே புள்ளியில் குவிய, விளிம்பை நோக்கி வளைவு சற்றுக் குறையும் பரவளைய வடிவம் வேண்டும். 3 அங்குல அகலமும் 12 அங்குலக் குவியத் தொலைவும் உள்ள ஆடியில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, விளிம்பில்கூட மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதை அளக்கும் கருவி அன்று கிடையாது. பார்த்துப் பார்த்துத் தேய்த்தே அங்கே போய்ச் சேர்ந்தார், அதுவும் 1,300-க்கும் மேற்பட்ட தொலைநோக்கிகளில்! எனக்கு இது ஆடி வைத்து நியூட்டன் செய்த முதல் தொலைநோக்கியைவிடப் பெரிய வியப்பு.

1769-இல் வெள்ளிக் கோள் சூரியனுக்கு முன்னால் கடந்தபோது பசிபிக் தீவான தாகித்தியில் கேப்டன் குக் பார்த்தது ஷார்ட்டின் கருவியில்தான். அதற்கு முந்தைய ஆண்டே அவர் இறந்துவிட்டார். ஆடி தீட்டிய முறையை அவர் வெளியிடவே இல்லை. ஆகவே மங்கிய அந்தப் பரப்பைத் தவிர வேறு சாட்சி நமக்கு அதிகம் இல்லை. மெருகேற்றுகிறவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், பிறகு எஞ்சுவது அவருடைய ஆடிதான், ஷார்ட்டினுடையது அல்ல.

மறுபடி அங்கே போனால் பின்னத்தின் கீழ் எண்ணைக் குறித்து அனுப்புங்கள். அதை வைத்து எந்தக் காலத்தில் செய்தது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.