பெரிய எக்ஸ் எங்க, சின்ன எக்ஸ் எங்க?

எம்எஸ்சி ஸ்டாட்ஸ் முதல் வருஷம் படிக்கிறவர் கேட்டிருக்கார்: புக்குல ஒரே வரில பெரிய எக்ஸும் வருது சின்ன எக்ஸும் வருது, நான் ரெண்டையும் ஒரே மாதிரி எழுதினா சார் சுழிச்சு விடுறார், இதுக்கெல்லாமா மார்க் குறைப்பாங்க?

குறைப்பாங்க, குறைக்கறது நியாயம்தான். டைஸ் உருட்டறதுக்கு முன்னாடி என்ன விழும்னு தெரியல பாருங்க, அந்த ரேண்டம் வேரியபிள்தான் பெரிய எக்ஸ், விழுந்த நம்பரோ விழக்கூடிய ஏதோ ஒரு நம்பரோ, அது சின்ன எக்ஸ். பெரிய எக்ஸ் = 3 ஆகறதுக்கு ப்ராபபிலிட்டி 1/6. உருட்டி முடிச்சாச்சு, சின்ன எக்ஸ் 5னு கைல இருக்கு, அது 3 ஆகுமான்னு கேட்டா இல்லன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான், 1/6க்கு அங்க வேலையே இல்ல.

இது நிஜமா கடிக்கிற இடம் கான்ஃபிடன்ஸ் இன்டர்வல், அதாவது மொத்தக் கூட்டத்தோட சராசரி மியூ எதுல இருந்து எது வரைக்கும் இருக்கலாம்னு சாம்பிளை வச்சுச் சொல்ற இடைவெளி. எக்ஸ் பார்னா சாம்பிள் சராசரி; சிக்மா ஸ்கொயர் பை என்னுங்கற வேரியன்ஸ், அதாவது சிதறல் அளவு, பெரிய எக்ஸ் பாருக்குத்தான், 52.3னு கணக்கு போட்டு எடுத்த சின்ன எக்ஸ் பாருக்கு வேரியன்ஸ் ஏது? அதே மாதிரி 95 சதவீதங்கறது பெரிய எக்ஸ் பாரை வச்சுக் கட்டின இன்டர்வலுக்கு, நம்பரைப் போட்டு 50.1ல இருந்து 54.5னு எழுதிட்டீங்கன்னா மியூ உள்ள இருக்கு இல்லன்னா வெளிய இருக்கு, அவ்ளோதான், "மியூ இதுக்குள்ள இருக்க 95 சதவீத வாய்ப்பு"ன்னு எழுதறவங்க பாதிப்பேர் பெரிசு சின்னதைக் கலந்ததாலதான் அங்க போய் விழறாங்க.

டென்சிட்டியைக் குறிக்கற எஃப்க்குக் கீழ சப்ஸ்க்ரிப்டா போடறது எப்பவும் பெரிய எழுத்து, ப்ராக்கெட்டுக்குள்ள சின்ன எழுத்து. ஒரே கணக்குல ரெண்டு வேரியபிள் இருந்தா சப்ஸ்க்ரிப்டை விட்டுடாதீங்க, எது யாரோட டென்சிட்டின்னே தெரியாது.

நார்மல் டிஸ்ட்ரிப்யூஷனுக்கு ப்ராக்கெட்ல 2, 9னு இருந்தா பெரும்பாலான புக்குல 9ங்கறது வேரியன்ஸ், ஆனா ஆர் சாஃப்ட்வேர்ல ஆர்நார்ம்ங்கற (rnorm) ஃபங்ஷன் கேக்கறது வேரியன்ஸோட ஸ்கொயர் ரூட்டான ஸ்டாண்டர்ட் டீவியேஷனை, அங்க 3 குடுக்கணும்.

விதிவிலக்கும் உண்டு. பேயீசியன் முறைல போற ஆளுங்க, நமக்குத் தெரியாத பாராமீட்டரான தீட்டாவை ரேண்டமா எடுத்துக்கிட்டாலும் சின்ன எழுத்துலயே எழுதுவாங்க, ரிக்ரஷன்ல பெரிய எக்ஸ்னா மேட்ரிக்ஸ். நெதர்லாந்துல ரேண்டம் வேரியபிளுக்கு அடிக்கோடு போடற பழக்கமே இருந்துச்சு, கையெழுத்துக்கு எனக்கென்னவோ அதுதான் தோதுன்னு தோணுது. நீங்க சின்ன எக்ஸை ரெண்டு வளைவு முதுகோட முதுகு ஒட்டின மாதிரி எழுதுங்க, பெரிசை நேர்கோட்டுல போட்டு மேலயும் கீழயும் சின்னக் கோடு இழுங்க, சார் சுழிக்க மாட்டார்.