ரெசினில் வைத்த ரோஜா பழுப்பாகிறதா?

கண்ணாடிபோல் இறுகும் திரவமான ரெசினில் வைத்த ரோஜா சில நாளில் பழுப்பாகி, இதழைச் சுற்றிக் குமிழியும் வந்ததாக எழுதியிருந்தீர்கள். ரெசின்மேல் தப்பில்லை, பூவில் ஈரம் இருந்திருக்கிறது. அந்தத் துண்டை இனி காப்பாற்ற முடியாது.

அடுத்த பூவை மூடிபோட்ட டப்பாவில், இதழிடுக்கெல்லாம் நிரம்பும்படி ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளில் புதைத்து ஒரு வாரம் விடுங்கள். இதழ் காகிதம்போல் சலசலக்க வேண்டும். காம்பு சேரும் தடித்த அடிப்பகுதியையும் அழுத்திப் பாருங்கள். ஈரம் ஒளிந்திருப்பது அங்கேதான். பிறகு பிரஷ்ஷால் மெல்லிசாக ரெசின் பூசி இறுகவிட்டால் குமிழி பெரும்பாலும் குறையும்.

ஒரே தடவையில் அச்சை நிரப்பாதீர்கள். சாதாரண எபாக்ஸி வகை ரெசின் என்றால் ஒரு அடுக்கு 1 செ.மீ.க்குள் இருக்கட்டும், கனமாக ஊற்றினால் சூடேறிப் பூவை வேகவைத்துவிடும். ரெசினை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரின் விகிதம் எடைக்கா, கொள்ளளவுக்கா என்று பாட்டிலில் பாருங்கள். அடர்சிவப்பு ரோஜா காய்ந்தால் பெரும்பாலும் கறுக்கும், இளஞ்சிவப்பு எடுங்கள்.