பாராசூட்டை உயரத்திலேயே திறந்துவிட்டால் நெடுநேரம் பறக்கலாமே, ஏன் எல்லோரும் கீழே வந்து திறக்கிறார்கள்?

தாராளமாகப் பறக்கலாம். நானும் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அப்படிப் பறக்கிறேன். விமானத்திலிருந்து குதிக்கும் ஒவ்வொருவரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். ஆனால் மற்றவர்கள் கீழே வந்து திறப்பதற்கும் தக்க காரணங்கள் உண்டு.

நான் குதிக்கும் இடம் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நடுவே உள்ள ஈலோய். ட்வின் ஆட்டர் விமானம் எங்களைத் தரையிலிருந்து சுமார் 13,000 அடிக்கு ஏற்றிச்செல்லும். வழக்கமான குதிப்பில் மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடம் விழுவோம். 3,000 அல்லது 4,000 அடியில் பாராசூட்டைத் திறப்போம். அடுத்த சில நிமிடங்களில் கால் தரையில் இருக்கும். பெரும்பாலோர் பணம் கட்டுவதே அந்த ஒரு நிமிட வீழ்ச்சிக்காகத்தான். கைகோத்து உருவங்கள் அமைப்பது, தலைகீழாக விழுவது எல்லாம் அதற்குள்ளேயே நடந்து முடிகின்றன. மேலேயே திறந்தால் அந்த நிமிடம் போய்விடும். முதல் காரணம் இவ்வளவுதான்.

அதை விட்டுக்கொடுத்தால் கிடைப்பது என்ன? இன்றைய பாராசூட் பழைய வட்டக்குடை போல இறங்குவதோடு நிற்பதில்லை. 1960களில் டொமினா ஜால்பெர்ட் உருவாக்கிய வடிவத்தின் வழிவந்தது அது. முன்பக்கம் திறந்த துணி அறைகளில் காற்று புகுந்து நிரம்பி, அது ஓர் இறக்கையாகிவிடுகிறது. சற்றுப் பெரிய பாராசூட் நிமிடத்துக்குச் சுமார் 1,000 அடி இறங்கும். ஓர் அடி இறங்கும்போது இரண்டரை அடிக்குக் குறையாமல் முன்னேறும். ஆக, 13,000 அடியில் திறந்தால் பதின்மூன்று நிமிடம். காற்றில்லாத நாளில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். மணிக்கு 55 கிலோமீட்டர் காற்று முதுகுக்குப் பின்னால் இருந்தால் இன்னும் 12 கிலோமீட்டர் சேரும்.

அதே காற்று எதிரில் இருந்தால் கதை வேறு. பாராசூட்டின் சொந்த வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர்தான். மேலே அதைவிட வலுவாகக் காற்று வீசுவது சாதாரணம். அப்போது முகத்தை எதிர்த்திசையில் வைத்துக்கொண்டே பின்னோக்கிப் போய்க்கொண்டிருப்பீர்கள். அதனால்தான் உயரத்தில் திறப்பவர், இறங்குதிடலுக்குக் காற்று வரும் பக்கத்தில் வெகுதூரம் தள்ளிக் குதிக்கிறார். காற்று தள்ளும்போது, பாராசூட்டைத் திருப்பும் திசைக்கயிறுகளின் கைப்பிடிகளைப் பாதியளவு இழுத்துப் பிடித்தால் இறங்கும் வேகம் குறையும். காற்று செய்ய வேண்டிய வேலையைச் செய்துமுடிக்க நேரம் கிடைக்கும். எதிர்க்காற்றில் கைப்பிடிகளை முழுதாக விட்டுவிட்டு, முழங்காலை மடக்கி உடலைக் குறுக்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு காரணம் போக்குவரத்து. ஒரே விமானத்திலிருந்து இருபது பேர் வெளியேறுகிறார்கள் என்று வையுங்கள். நடுவில் ஒருவர் மேலேயே திறந்து நின்றுவிட்டால், அவருக்குப் பின் 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துவருபவர்கள் அவர்மேல் மோதக்கூடும். ஆகவே உயரத்தில் திறப்பவர் கடைசியாகத்தான் குதிக்க வேண்டும். பெயர் கொடுக்கும் இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விமானியிடம் நேரிலும் சொல்வது என் வழக்கம். கடைசி ஆள் குதித்ததும் அவர் விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி, பாராசூட்டில் தொங்கும் எங்களைவிட வேகமாகக் கீழே விரைவார். நான் எங்கே தொங்கிக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

திறக்கும் நேரத்திலும் கவனம் தேவை. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். முழு வேகம் பிடித்த பிறகு திறந்தால் அதிர்ச்சி கீழே இருப்பதைவிடப் பலமாக இருக்கும். எனவே குதித்த சில நொடிகளுக்குள், வேகம் கூடும் முன்பே திறந்துவிடுவது நல்லது. குளிரும் சும்மா விடாது. ஆயிரம் அடிக்குச் சுமார் 2 டிகிரி குறைகிறது. கீழே 15 டிகிரி என்றால் மேலே உறைநிலைக்கும் கீழே போய்விடும். ஒரு நிமிட வீழ்ச்சியில் அந்தக் குளிரைச் சட்டை செய்ய மாட்டீர்கள். பாராசூட்டில் தொங்கும்போது விரல்கள் மரத்துப்போகும். அந்த விரல்களால்தான் கைப்பிடியை இழுத்து ஓட்ட வேண்டும்.

ஆக்சிஜன்? கடல்மட்டத்திலிருந்து 15,000 அடிக்கு மேலே குதிப்பதென்றால் கூடுதல் ஆக்சிஜன் கட்டாயம் என்பது அமெரிக்க பாராசூட் சங்கத்தின் விதி. ராணுவத்தினர் 25,000 அடிக்கும் மேலே திறந்து பல பத்துக் கிலோமீட்டர் பறந்துபோவது தனி உலகம். குதிக்கும் முன்பே தூய ஆக்சிஜனைச் சுவாசித்து ரத்தத்திலுள்ள நைட்ரஜனை வெளியேற்றி, முகமூடி அணிந்து, திசைகாட்டி பார்த்துப் போகிறவர்கள் அவர்கள். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ஆசைப்பட வேண்டாம்.

எனக்கு உண்மையான பயம் மேகத்திடம்தான். வில்லியம் ரான்கின் என்ற அமெரிக்க மரைன் விமானி, 1959 ஜூலை 26 அன்று இயந்திரம் நின்றுபோனதால் 47,000 அடி உயரத்தில் விமானத்தைவிட்டு வெளியேறினார். கீழே இடிமேகம். 10,000 அடியில் தானாகத் திறக்க வேண்டிய பாராசூட், புயலின் உள்ளேயே முன்னதாகத் திறந்துகொண்டது. சில நிமிடங்களில் தரைக்கு வந்திருக்க வேண்டியவரை மேலெழும் காற்று தூக்கித் தூக்கி எறிந்தது. ஆலங்கட்டியிலும் மின்னலிலும் ஏறக்குறைய 40 நிமிடம் அலைக்கழிந்து, உயிரோடு தரை தொட்டார். 2007இல் ஆஸ்திரேலியாவின் மனிலா அருகே பாராகிளைடரில் பறந்த எவா விஷ்னியெர்ஸ்காவை ஓர் இடிமேகம் 9,900 மீட்டருக்கும் மேலே உறிஞ்சிக்கொண்டுபோனது, அவரும் பிழைத்தார். விழுந்துகொண்டிருப்பவர் மேகத்தை நொடிகளில் தாண்டிவிடுவார். விரித்த இறக்கையோடு இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. 10,000 அடிக்கு மேலே மேகத்திலிருந்து பக்கவாட்டில் ஒரு மைல் விலகியிருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்வதை நான் துளியும் தளர்த்திப் பார்ப்பதில்லை. தொலைவில் மேகம் குவிந்து எழும்பத் தொடங்கினாலே அன்றைக்கு வழக்கமான குதிப்புதான்.

இத்தனை இருந்தும் ஏன் இதை வற்புறுத்துகிறேன்? இந்த விளையாட்டில் பலர் காலை உடைத்துக்கொள்வதும் உயிரை விடுவதும், எந்தக் கோளாறும் இல்லாமல் நன்றாகத் திறந்த பாராசூட்டின் கீழேதான். தரையருகே தவறான திருப்பம், கைப்பிடிகளைத் தாமதமாக இழுப்பது. 4,000 அடியில் திறப்பவருக்குத் தன் இறக்கையைப் பழக நேரமே இல்லை. திறந்ததைச் சரிபார்த்து, அக்கம்பக்கம் யார் என்று பார்த்து முடிப்பதற்குள் இறங்குபாதை வந்துவிடுகிறது. 12,000 அடியில் அந்த நேரம் உங்கள் கையில் இருக்கிறது.

நான் முதலில் செய்வது ஸ்டால் பயிற்சி, அதாவது பாராசூட் பறப்பதை நிறுத்தும் அளவுக்கு இழுத்துப் பார்ப்பது. சுற்றிலும் ஆளில்லை என்று உறுதி செய்துகொண்டு இரண்டு கைப்பிடிகளையும் சீராக, மெல்லக் கீழே இழுக்கிறேன். மார்பு அளவுக்கு வரும்போது முகத்தில் அடித்த காற்று தணிகிறது. இடுப்புக்கு வரும்போது ஓசையே அடங்கிப்போகிறது. இன்னும் இழுத்துப் பிடித்தால் தலைக்கு மேலே துணி நடுங்கி, ஓரங்கள் பின்னோக்கி மடியத் தொடங்கும். இருக்கை நழுவியதுபோல உடல் விழும். உடனே பதறிக் கையை மேலே விட்டுவிடக் கூடாது. பாராசூட் முன்னால் பாய்ந்துவிடும். நிதானமாக, இரண்டு கையையும் ஒரே அளவில் உயர்த்தினால் அது மறுபடி நிரம்பிப் பறக்கும். எந்த அளவு இழுத்தால் அது பறப்பதை நிறுத்துகிறது என்பது ஒவ்வொரு பாராசூட்டுக்கும், ஒவ்வொருவர் கைநீளத்துக்கும் மாறும். அதைத் தரைக்குப் பத்தடி மேலே தெரிந்துகொள்ள முடியாது. அடுத்து, பாராசூட்டைத் தோளோடு இணைக்கும் பட்டிகளில் பின்பக்கத்தவற்றை மட்டும் பிடித்துத் திருப்பிப் பார்ப்பேன். ஒரு திசைக்கயிறு அறுந்தால் அதைக்கொண்டுதான் இறங்க வேண்டும். இரண்டாம் நிலையான 'பி' உரிமம் பெற, பாராசூட்டை ஓட்டுவதற்கென்றே தனிப் பயிற்சியை அமெரிக்கச் சங்கம் கட்டாயமாக்கியிருப்பது மிகச் சரியான முடிவு.

நடுவே தலையை நிமிர்த்திப் பார்க்கவும் செய்யுங்கள். பிகாச்சோ சிகரமும் அதை ஒட்டி ஓடும் பத்தாம் எண் நெடுஞ்சாலையும் பருத்தி வயல்களும் கீழே விரிந்துகிடக்கும். வீழ்ச்சியின் இரைச்சலில் நான் இவற்றை ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை.

புதிதாக உரிமம் பெற்றவர் 2,500 அடிக்கு வருமுன்பே, பாராசூட்டில் சிக்கல் இருந்தால் அதை அறுத்துவிட்டு மாற்றுப் பாராசூட்டைத் திறப்பதா என்று முடிவுசெய்துவிட வேண்டும் என்பது அமெரிக்கச் சங்கத்தின் பரிந்துரை. அதனால் 5,000 அடியிலேயே சோதனைகளை நிறுத்திவிடுங்கள். நீங்கள் குதித்து ஏறத்தாழ எட்டு நிமிடம் ஆகியிருக்கும். காற்று திசை மாறியிருக்கலாம். தரையில் காற்றின் திசையைக் காட்டும் காற்றுப்பையை மறுபடி பாருங்கள். அடுத்த விமானத்தின் ஆட்கள் அதற்குள் வந்து சேரக்கூடும் என்பதால் தலைக்கு மேலேயும் ஒரு கண் இருக்கட்டும். 1,000 அடியில் இறங்குபாதைக்குள் நுழைந்துவிட வேண்டும். முதல் முறை செய்பவர் காற்று குறைந்த காலை விமானத்தைக் கேளுங்கள், பயிற்சியாளரிடம் திட்டத்தைச் சொல்லுங்கள், கனமான கையுறை எடுத்துப் போங்கள்.