முடிவு தெரிந்த பிறகு

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. விஷயம் கொஞ்சம் அற்பமானது, சிரிக்க வேண்டாம்.

போன வருடம் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். மகள் கல்யாணமாகி புனே போய்விட்டாள். போவதற்கு முன் என் போனில் ‘ரிப்ளை 1988’ என்ற கொரியன் சீரியலைப் போட்டுக் கொடுத்தாள். இப்போது நாலாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ராத்திரி பாத்திரம் கழுவி வைத்த அப்புறம் ஒரு எபிசோட், சில நாள் பாதி. என் கணவர் “முடிவு தெரிஞ்ச கதையை எத்தனை தடவைதான் பார்ப்ப?” என்கிறார். சரி, புதிதாக ஏதாவது பார்ப்போம் என்று ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் யாராவது யாரையாவது வெட்டுகிறார்கள். அணைத்துவிட்டு மறுபடி ‘ரிப்ளை 1988’ நடக்கும் அந்தச் சந்துக்கே போய்விடுகிறேன். இது சோம்பேறித்தனமா, வயசா? இதே மாதிரி மறுபடி மறுபடி பார்க்கக்கூடியது வேறு இருந்தால் சொல்லுங்கள். அவரையும் பக்கத்தில் உட்கார வைக்க ஏதாவது வழி உண்டா?

(பெயர் வேண்டாம்)
திருச்சி

*

அன்புள்ள வாசகிக்கு,

சிரிக்கவில்லை. நானும் அந்தச் சந்தில் மூன்று முறை குடியிருந்தவன். உங்களைவிட ஒன்று குறைவு, அவ்வளவுதான். இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்க வேண்டும். மறுபடி பார்ப்பதைப் பற்றிய கடிதத்துக்கு முடிவை மறைத்துப் பதில் எழுத முடியாது.

உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்வி. சொல்லப்போனால் அந்த சீரியலை எடுத்தவர்களே அதை நம் வாயில் போட்டுவிடுகிறார்கள். இயக்குநர் ஷின் வோன்-ஹோவும் எழுத்தாளர் லீ ஊ-ஜங்கும் சேர்ந்து 2012இல் ‘ரிப்ளை 1997’, 2013இல் ‘ரிப்ளை 1994’, 2015 நவம்பரில் இந்த 1988 என்று மூன்று எடுத்தார்கள். மூன்றிலும் ஒரே தூண்டில்: கதாநாயகி கடைசியில் யாரைக் கட்டிக்கொண்டாள்? 1988 ஓடிக்கொண்டிருந்தபோது கொரிய ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தார்கள். ‘எப்படியும் கணவன் ரியூ ஜுன்-யோல்தான்’ (ஜங்-ஹ்வானாக நடித்தவர்) என்பதைச் சுருக்கி ‘ஓநம்ரியூ’ என்று ஒரு கட்சி. கணவன் இன்னொரு பையன் டேக்தான் என்று ‘ஓநம்டேக்’ எதிர்க்கட்சி. நான் முதல் தடவை தோற்ற கட்சியில் இருந்தேன். கூட்ட பஸ்ஸில் ஜங்-ஹ்வான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதாநாயகி டொக்-சன் மேல் யாரும் இடிக்காமல் நிற்கிறானே, அந்த இடத்திலேயே கல்யாணத்தை முடித்துவிட்டேன்.

இருபது எபிசோடையும் இப்படித் துப்பறியும் வேலையாகவே பார்த்தேன். ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை மணி நேரம். அவ்வளவு நேரம் பார்த்தும் பாதி சீரியலைக் கோட்டைவிட்டிருக்கிறேன் என்பது இரண்டாம் முறைதான் தெரிந்தது. மாப்பிள்ளை யாரென்று தெரிந்துபோனதும் தூண்டிலில் புழு இல்லை. கண் தன்பாட்டில் தட்டுக்குப் போய்விடுகிறது.

தட்டு என்று சும்மா சொல்லவில்லை. முதல் எபிசோடில் இருட்டும் நேரம். கொரியத் தலைநகர் சோலில் சாங்முன்-டாங் என்ற பகுதியில் ஒரு சந்து. ஒவ்வொரு வீட்டு அம்மாவும் சாப்பிடக் கூப்பிட, பிள்ளைகள் கலைந்து போகிறார்கள். அடுத்த நிமிடம் அதே பிள்ளைகள் கையில் பாத்திரத்தோடு வெளியே வருகிறார்கள். இந்த வீட்டுக் கறி அந்த வீட்டுக்குப் போகிறது, அந்த வீட்டுப் பாத்திரம் வெறுமனே திரும்பக் கூடாது என்று வேறொன்று வருகிறது, அது மூன்றாம் வீட்டுக்கும் கொஞ்சம் போகிறது. சந்தில் ஒருவரை ஒருவர் கடந்து கடந்து ஓடுகிறார்கள். இதற்கு எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடலாமே என்று ஒரு பையன் அலுத்துக்கொள்கிறான். கதை இதனால் ஓர் அங்குலம் நகர்வதில்லை. முதல் தடவை பார்க்கிறவன் ‘சரி, அப்புறம்?’ என்பான். நாலாவது தடவை பார்க்கிற நீங்கள் இந்த இடத்துக்காகத்தான் முதல் எபிசோடுக்கே திரும்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் அப்படித்தான்.

இவர்கள் சுகமாக இருக்கிற குடும்பங்கள் என்பதும் ஒரு மயக்கம்தான். நீங்கள் வங்கியில் இருந்தவர், ஜாமீன் கையெழுத்து எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டொக்-சனின் அப்பாவும் வங்கிக்காரர்தான். நண்பனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடனில் மூழ்கி, ஜங்-ஹ்வான் வீட்டுக்குக் கீழே ‘பன்ஜிஹா’ என்கிற, பாதி மண்ணுக்குள் இருக்கும் வீட்டில் குடும்பத்தோடு கிடக்கிறார். மேலே இருப்பவர்களுக்கோ பெரிய பையன் வாங்கிய லாட்டரியில் பணம் கொட்டியிருக்கிறது. கீழ்வீட்டு அம்மா மகளின் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்கலாம் என்று மேலே போய், கேட்க வாய் வராமல் திரும்புகிறாள். மேல்வீட்டு அம்மா தின்பதற்கு ஏதோ கொடுத்தனுப்புகிறாள், அதோடு ஒரு பண உறையும் வருகிறது. இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை.

முட்டைச் சண்டையை மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அக்கா போ-ராவுக்கும் டொக்-சனுக்கும் பிறந்தநாள் சில நாள் முன்பின்னாக வருவதால் வீட்டில் இரண்டையும் ஒன்றாகவே முடித்துவிடுகிறார்கள். அக்காவுக்கு ஏற்றிய மெழுகுவர்த்தியில் சிலதைப் பிடுங்கிவிட்டு அதே கேக்கில் இவளுக்கும். அன்று அவள் வெடிக்கிறாள். அக்காவுக்கும் தம்பிக்கும் முட்டை, எனக்கு மட்டும் ஏன் இல்லை? கோழிக்கால் இரண்டும் அவர்களுக்கு, எனக்கு ஏன் இறக்கை? அக்கா பெயர் போ-ரா, தம்பி பெயர் நோ-ஊல், எனக்கு மட்டும் ஏன் டொக்-சன்? கடைசிக் கேள்வி எனக்கு முதல் தடவை சிரிப்பாக இருந்தது. போ-ரா என்றால் ஊதா, நோ-ஊல் என்றால் அந்திச் சிவப்பு, இரண்டும் அழகான பெயர்கள், டொக்-சன் மட்டும் பாட்டி காலத்துப் பெயர் என்று பின்னால் தெரிந்தபோது சிரிப்பு போய்விட்டது. பதினெட்டு வருடமாக அவள் அதை மனதில் வைத்திருந்திருக்கிறாள். அன்று ராத்திரி அப்பா தனிக் கேக் வாங்கிக்கொண்டு சந்தில் அவளுக்காகக் காத்திருக்கிறார். ‘அப்பாவும் பிறக்கும்போதே அப்பா இல்லையே, எனக்கும் அப்பாவாக இருப்பது இதுதான் முதல் தடவை’ என்கிறார். இந்த வரியை யார் யாரோ வாழ்த்து அட்டை மாதிரி பகிர்ந்து தேய்த்துவிட்டார்கள். நடிகர் சங் டாங்-இல் அதைத் தரையைப் பார்த்துக்கொண்டு, வெட்கப்பட்டுக்கொண்டு சொல்கிற விதம் மட்டும் தேயவில்லை. இன்னொன்று, அந்த இடத்தில் சப்டைட்டிலே வேண்டியதில்லை. அவர் தன்னை ‘அப்பா’ என்றே சொல்லிக்கொள்கிறார். கொரிய மொழியிலும் வீட்டில் கூப்பிடும் சொல் அதுதான்.

உங்களுக்காக இன்னொரு காட்சி. ஜங்-ஹ்வானின் அம்மா சில நாள் ஊருக்குப் போகிறாள். வீட்டில் மூன்று ஆண்கள், எல்லாம் அலங்கோலம். அவள் வருகிறாள் என்றதும் அலறியடித்துப் பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று வைக்கிறார்கள். அவளோ வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாடிப்போகிறாள். நான் இல்லாமலே எல்லாம் நடக்கிறது! ஏனென்று முதலில் யாருக்கும் புரிவதில்லை. சின்னப் பையனுக்குத்தான் உறைக்கிறது. அப்புறம் வேண்டுமென்றே ஒவ்வொன்றாகக் கெடுத்து வைக்கிறார்கள். அவள் கத்திக்கொண்டே ஓடி ஓடிச் சரிசெய்கிறாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மகள் புனேயிலிருந்து போன் செய்து ‘அது எங்கே இருக்கு, இதை எப்படி செய்யறது’ என்று தனக்குத் தெரிந்ததையே கேட்டால், கேட்கிற மாதிரியே சொல்லிக்கொடுங்கள்.

சோம்பேறித்தனமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. புது சீரியலில் நாம் கதை சொல்கிறவனுக்குக் கட்டுப்பட்டவர்கள், அவன் இழுக்கிற பக்கம் ஓட வேண்டும். பழகிய சீரியலில் நாம் நினைத்த இடத்தில் உட்காரலாம். கொரியாவில் ‘ஹீலிங் டிராமா’ என்று ஒரு வகையே சொல்கிறார்கள். அந்த முத்திரையோடு வருகிற எல்லாமே மறுபடி பார்க்கத் தாங்காது. கடலோர ஊர், நல்ல மனிதர்கள், மாலை வெயில், ‘ஹோம்டவுன் சா-சா-சா’ (2021) அப்படிப்பட்டது. ஒரு முறை இனிப்பாக இருந்தது. இரண்டாம் முறை கிழவி காம்-ரி வருகிற இடங்களை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை ஓட்டிவிட்டேன். பலருக்கு உயிரான சீரியல், அடிக்க வராதீர்கள்.

மறுபடி பார்க்கத் தாங்குபவை என்று நான் கண்டவற்றைச் சொல்கிறேன்.

‘ஹாஸ்பிடல் பிளேலிஸ்ட்’ உங்களுக்கு அடுத்த வீடு மாதிரி. அதே இயக்குநர், அதே எழுத்தாளர், 2020இலும் 2021இலும் இரண்டு சீசன், சீசனுக்குப் பன்னிரண்டு எபிசோட். மருத்துவக் கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர் நாற்பது வயதில் ஒரே ஆஸ்பத்திரியில் டாக்டர்கள், ஓய்ந்த நேரத்தில் பாட்டுக்குழு. வில்லன் என்று யாருமே கிடையாது. உறுப்பு தானம் பெறும் அறுவைக்கு எல்லாம் தயாராக இருக்கும்போது, இன்னும் பத்து நிமிடம் காத்திருக்கலாமா என்று ஒரு டாக்டர் கேட்கிறார். அன்று மே 5, கொரியாவில் குழந்தைகள் தினம். இறந்தவருக்குச் சின்னப் பையன் இருக்கிறான். நள்ளிரவு தாண்டிவிட்டால், அவன் ஒவ்வொரு குழந்தைகள் தினத்தையும் அப்பா செத்த நாளாகக் கொண்டாட வேண்டியிராது. இதெல்லாம் தேவதைக் கதைதான், ஒத்துக்கொள்கிறேன். 2024 பிப்ரவரியில் மருத்துவப் படிப்பு இடங்களைக் கூட்டுவதை எதிர்த்து கொரியப் பயிற்சி டாக்டர்கள் கூட்டமாக வெளியேறியபோது, இதன் கிளைத்தொடரையே ஒத்திப்போட வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில்தான் அது வந்தது. நிஜ ஆஸ்பத்திரிக்கும் இதற்கும் அவ்வளவு தூரம். ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்துக்காக மறுபடி போவேன்.

‘மை மிஸ்டர்’ (2018) பற்றி எச்சரிக்கையோடு சொல்கிறேன். முதல் சில எபிசோடுகள் இருட்டு. அடிதடி உண்டு, கந்துவட்டிக்காரன் உண்டு. நீங்கள் பத்தாவது நிமிடம் அணைத்துவிடுவீர்கள். அணைக்காதீர்கள், பகலில் பாருங்கள். தற்காலிக வேலைக்காரி ஜி-ஆன் ஆபீஸிலிருந்து எடுத்து வந்த காபித்தூள் பொட்டலங்களை ராத்திரி இரண்டிரண்டாகக் கொட்டிக் கலந்து குடிக்கிறாள். சாப்பாடே அதுதான். காது கேளாத பாட்டிக்கு நிலா பார்க்க ஆசை என்று கடைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறாள். அவளுடைய மேலதிகாரி டாங்-ஹூன் கட்டடப் பொறியாளர், கட்டடம் தாங்குமா என்று பார்ப்பது அவர் தொழில். அவர் அவளுக்கு அறிவுரை எதுவும் சொல்வதில்லை, சாப்பாடு வாங்கிக் கொடுக்கிறார். ஜி-ஆன் என்றால் ‘நிம்மதியைச் சென்று அடைவது’ என்று பெயரின் எழுத்துகளுக்குப் பொருள். பதினாறு எபிசோடும் அந்தப் பெயர் பலிக்குமா என்பதற்காகத்தான். டாங்-ஹூனாக நடித்த லீ சன்-க்யுன் 2023 டிசம்பரில் இறந்துபோனார். அதன் பிறகு ஒரு வருடம் அதைத் தொட முடியவில்லை. பிறகு பார்த்தபோது, அவர் ராத்திரி ரயிலில் நின்றுகொண்டு வருகிற, ஒன்றுமே நடக்காத காட்சிகள்தான் தாங்க முடியாததாக இருந்தன.

‘ரிப்ளை 1988’இல் டேக்காக நடித்த பார்க் போ-கம்மைப் பிடித்திருந்தால், 2025 மார்ச்சில் வந்த ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’ இருக்கிறது. ‘மை மிஸ்டர்’ எடுத்த கிம் வோன்-சோக்தான் இயக்கம். ஜேஜு தீவுக் கதை. ஊர்ப் பேச்சில் உள்ள அதன் மூலத் தலைப்புக்கு ‘ரொம்பப் பாடுபட்டீர்கள்’ என்று பொருள். சோல்காரர் காதில் அதுவே ‘நன்றாக ஏமாந்தீர்கள்’ என்று விழும். புகுந்த வீட்டில் ஆண்களுக்கு ஒரு சாப்பாட்டு மேசை, பெண்களுக்கு வேறொன்று. ஒரு நாள் கணவன் ஒன்றும் பேசாமல், உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி மனைவி இருக்கும் பக்கம் பார்த்துச் சாப்பிட ஆரம்பிக்கிறான். அவ்வளவுதான் புரட்சி. குழந்தை இறக்கிற ஒரு பகுதி உண்டு, அதைத் தனியாகப் பார்க்காதீர்கள். எனக்கு இது இன்னும் ஒரு முறைதான் ஆகியிருக்கிறது, தாங்குமா என்று இரண்டாம் முறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

1988இன் கடைசி எபிசோடை நான் இப்போது பார்ப்பதில்லை. சந்து காலியாகி, வீடுகளை இடிக்கப் போகிறார்கள். பத்தொன்பதோடு நிறுத்திவிட்டு மறுபடி முதல் எபிசோடுக்குப் போய்விடுவேன். நீங்கள் எப்படி என்று எழுதுங்கள்.

உங்கள் கணவருக்கு முதல் எபிசோடைப் போடாதீர்கள், அவர் கைபேசியை எடுத்துவிடுவார். இரண்டாவதில் டொக்-சனின் பாட்டி செத்துப்போய் குடும்பமே ஊருக்குப் போகிறது. பெரியவர்கள் சீட்டாடுகிறார்கள், குடிக்கிறார்கள், வந்தவர்களோடு சிரித்துப் பேசுகிறார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அமெரிக்காவிலிருந்து அப்பாவின் பெரிய அண்ணன் வந்து வாசலில் நிற்கிறார். உங்கள் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நீங்கள் பாட்டுக்கு, அதை டிவியில் கொஞ்சம் சத்தமாகவே ஓடவிடுங்கள். கூப்பிட வேண்டாம். அவருடைய கண்ணாடியை மட்டும் பக்கத்தில் எடுத்து வையுங்கள், சப்டைட்டில் எழுத்து ரொம்பச் சின்னது.