கொன்வேர்ட்டிபிள் காரில் தானாக எழும் பாதுகாப்பு வளையம்: வாங்குமுன் எதைப் பார்ப்பது?

கேள்வி: கொக்குவிலில் கலியாணங்களுக்குக் கார் வாடகைக்கு விட்டு வருகிறேன். துணிக்கூரையை மடித்துத் திறக்கக்கூடிய, நான்கு ஆசனப் பழைய கொன்வேர்ட்டிபிள் ஒன்று விலைக்கு வந்துள்ளது. கார் பிரண்டால் பாதுகாப்பு வளையம் தானாக எழும் என்று விற்பவர் கூறுகிறார். பின் ஆசனத்துக்குப் பின்னால் இரண்டு கறுப்பு மூடிகளைத் தவிர எதுவும் தெரியவில்லை. நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த மூடிகளுக்குக் கீழேதான் வளையங்கள் இருக்கும். துணிக்கூரைக்குத் தாங்கும் வலு இல்லாததால், முன்பக்கத்தில் வலுவூட்டப்பட்ட கண்ணாடிச் சட்டமும் பின்பக்கத்தில் இந்த வளையங்களும் சேர்ந்தே, கார் தலைகீழானாலும் உள்ளிருப்போரின் தலை நசியாதபடி இடைவெளியைக் காக்கின்றன. போர்ஷே பொக்ஸ்டர் போன்ற இரண்டு ஆசனக் கார்களில் வளையம் நிரந்தரமாக வெளியே நிற்கும். மேர்சிடிஸ் பென்ஸ் 1989இல் வெளியிட்ட எஸ்எல் காரிலோ அது மடிந்து கிடந்து, ஆபத்தின்போது 0.3 செக்கனில் நிமிர்ந்துவிடும்.

நீங்கள் பார்த்தது போன்ற கார்களில் பெரும்பாலும், அழுத்தப்பட்ட சுருள்வில்லின் மேல் வளையம் பூட்டப்பட்டிருக்கும். கார் எவ்வளவு சரிகிறது, சக்கரங்கள் நிலத்தை விட்டு எழுகின்றனவா என்பதைச் சென்சர்கள் கவனித்துக்கொண்டிருக்க, பிரளப்போகிறது என்று கட்டுப்பாட்டுப் பெட்டி முடிவெடுத்த கணமே பூட்டு விடுபட்டு, வில் வளையத்தை மேலே தள்ளிவிடும். மேலே போனதும் பற்கள் கடித்துக்கொள்வதால், காரின் பாரம் விழுந்தாலும் அது கீழிறங்காது. கூரை மூடியிருக்கும்போதும் எழும். சில கார்களில் பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு எழும்.

வாங்குமுன் திறப்பைத் திருப்பி, வளையத்துக்கோ எயார் பாக்குக்கோ உரிய எச்சரிக்கை விளக்கைப் பாருங்கள். அது ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். கோளாற்றை மறைக்க விளக்கையே கழற்றியிருக்கலாம். மூடிகளின் ஓரத்தில் கீறலோ உடைந்த கொழுக்கியோ இருந்தால், வளையம் ஒருமுறை எழுந்து மீண்டும் அமுக்கப்பட்டிருக்கக்கூடும். வில் வகையை அப்படி அமுக்கிப் பூட்டலாம் என்பதால் அது மட்டும் குற்றமன்று. ஆனால் ஏன் எழுந்தது என்று கேட்டே ஆகவேண்டும். கணினிச் சோதனைக் கருவி உள்ள கராச்சில் பதிவாகியுள்ள பிழைகளை வாசிக்கச் செய்யாமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

உங்கள் தொழிலை நினைக்கையில் எனக்குப் பெரிய கவலை வேறொன்று. மணமக்களை எல்லோருக்கும் தெரியும்படி பின் ஆசனச் சாய்மானத்தின் மேல் ஏற்றி ஊர்வலம் விடுவார்கள். அவர்கள் அமர்வது அந்த மூடிகளுக்கு மேலேயே. வளையம் எழுந்தால் முதுகெலும்பில் அடிக்கும். எழாவிட்டாலும், ஆசனப்பட்டி இல்லாதவர் கார் பிரளும்போது வெளியே வீசப்படுவார், அவரை எந்த வளையமும் காக்காது. மாலையையோ பூச்சரத்தையோ மூடிகளின் குறுக்கே கட்டினாலும் வளையத்தின் வழி அடைபடும். காரை வாங்குவதானால், மணமக்கள் ஆசனத்திலேயே பட்டி அணிந்து அமர வேண்டும், அலங்காரம் முன்பக்கத்தில் மட்டுமே இருக்க வேண்டும் என்று வாடகை பேசும்போதே சொல்லிவிடுங்கள்.